கல்லில் இல்லாத பெயர்கள்: சியாட்டல் நகர இணைநிதி சொல்லும் வரலாறு



சில மாதங்களுக்கு முன்பு ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். புதிய மண்டபத்தின் வாயிலில் கறுப்புப் பளிங்குக்கல் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. மண்டபம் எழுவதற்கு நன்கொடை வழங்கியவர்களின் பெயர்கள் அதில் தொகைவாரியாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மேலே ஐயாயிரம் வெள்ளி, அதன்கீழ் ஆயிரம் வெள்ளி, இறுதியில் ஐந்நூறு வெள்ளி. நான் அதனைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு தந்தை வந்து நின்றார். லாரி ஓட்டுநர். சற்று நேரம் கல்லைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தச் செவத்துக்குச் சிமெண்டு கலந்து கொடுத்தது நாங்கதான். ஏழு ஞாயித்துக்கெழம வந்தோம்" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. ஒரு செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் பெயர் கல்லில் இல்லை.

பணம் கொடுத்தவரைக் கொடையாளர் என்கிறோம். ஏழு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவரை என்னவென்று அழைப்பது? அவர் கொடுத்ததைக் கணக்கில் எழுத வழியுண்டா? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தபோது, நமக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் வரலாறு கிடைத்தது. அந்நகரம் இக்கேள்விக்கு 1980-களின் இறுதியிலேயே ஒரு விடை கண்டு, அதனைச் சட்டதிட்டமாகவும் ஆக்கியிருக்கிறது. அவ்வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இணைநிதி என்பது என்ன?

அரசோ நகராட்சியோ ஒரு பணிக்கான முழுத்தொகையையும் தானே கொடுக்காமல், மக்கள் திரட்டும் பங்குக்கு ஈடாகத் தன் பங்கைச் சேர்த்துக் கொடுப்பதை இணைநிதி எனலாம். "நீங்கள் பாதியைத் திரட்டுங்கள், மறுபாதியை நான் தருகிறேன்" என்று யாரேனும் ஒரு கொடையாளர் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அடிப்படை அதுவேதான்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறையில் ஒரு பெருங்குறை ஒளிந்திருக்கிறது. திரட்டும் ஆற்றல் உள்ளவர்களுக்கே அது மேலும் கொடுக்கும். இரண்டு மாடி வீடுகள் நிறைந்த ஒரு தாமானில் ஒரே மாலையில் பத்தாயிரம் வெள்ளி சேர்ந்துவிடும். மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் குடும்பங்களிடம் அதே தொகையைத் திரட்ட ஓராண்டு ஆகலாம். ஆக, இருப்பவர் இன்னும் பெறுவார், இல்லாதவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இக்குறையைத் தீர்க்காமல் இணைநிதியைத் தொடங்கினால் அது ஏற்றத்தாழ்வை வளர்க்கும் கருவியாகிவிடும்.

சியாட்டல் நகரம் இக்குறையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் மையம்.

நகரமும் அதன் மனக்கசப்பும்

சியாட்டல், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது. மேற்கே கடல் உள்வாங்கிய நீர்ப்பரப்பு, கிழக்கே பெரிய ஏரி. இவ்விரண்டுக்கும் நடுவே குன்றுகளின்மீது அமைந்த நகரம். விமானம் கட்டும் போயிங் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஊர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நிறுவனம் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. ஊரே ஒடுங்கிப்போனது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1980-களில் நகர மையத்தில் வானளாவிய கட்டடங்கள் அடுத்தடுத்து எழுந்தன. 76 மாடிகள் கொண்ட கொலம்பியா கட்டடம் 1985-இல் கட்டி முடிக்கப்பட்டது. நகர மையத்துக்கு வெளியே வாழ்ந்த மக்கள் இதனை மகிழ்ச்சியோடு பார்க்கவில்லை. நகராட்சியின் கவனமும் பணமும் மையத்துக்கே போகின்றன, தங்கள் தெருவில் உடைந்த நடைபாதையையும் துருப்பிடித்த ஊஞ்சலையும் கேட்பாரில்லை என்று அவர்கள் மனம் புழுங்கினர். அந்தக் கசப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு சான்று: 1989 மே மாதத்தில் நகர மையக் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு விதிக்கும் முன்மொழிவை மக்களே வாக்களித்து நிறைவேற்றினர்.

இத்தகைய சூழலில்தான், 1987-இல், சியாட்டல் மாநகர மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. குடியிருப்பு வட்டாரங்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே திட்டமிடுவதற்கு நகராட்சி துணைநிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கெனத் தனி அலுவலகம், வட்டார மன்றங்கள், அவற்றின் சார்பாளர்கள் கூடும் நகரளாவிய ஒரு மன்றம், இவற்றோடு ஓர் இணைநிதி ஆகியவை அத்தீர்மானத்தின் வழியே பிறந்தன.

எதிர்த்தவரிடமே ஒப்படைத்த பொறுப்பு

புதிய அலுவலகத்தை நடத்துவதற்கு மேயர் சார்ல்ஸ் ரோயர் 1988-இல் தேர்ந்தெடுத்தவர் ஜிம் டியர்ஸ். இந்தத் தேர்வே ஒரு வியப்பு. டியர்ஸ் அரசு அதிகாரியாக வளர்ந்தவர் அல்லர். பல இனத்தவரும் ஏழைகளும் மிகுதியாக வாழ்ந்த தென்கிழக்குச் சியாட்டலில் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து மக்களை ஒருங்கிணைத்து, நகராட்சியின் கதவைத் தட்டி உரிமை கேட்கும் இயக்கத்தில் பணியாற்றியவர். கதவுக்கு வெளியே நின்று குரல் எழுப்பியவரை உள்ளே அழைத்து நாற்காலியில் அமர வைத்தார்கள்.

அவர் அந்த நாற்காலியில் 14 ஆண்டுகள் இருந்தார். ரோயருக்குப்பின் நோர்ம் ரைஸ், அவருக்குப்பின் பால் ஷெல் என மூன்று மேயர்களின் கீழ்ப் பணியாற்றினார். 2002-இல் பதவியேற்ற மேயர் கிரெக் நிக்கல்ஸ் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். தம் பட்டறிவை அவர் 2004-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

இணைநிதியின் தொடக்கம் மிகச் சிறியது. 1989-இல் நகரம் முழுமைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை 1,50,000 டாலர். ஒரு பெரிய நகரத்தின் வரவுசெலவில் அது கடுகளவு. ஆனால் 1991-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி அரசாட்சிப் பள்ளியும் இணைந்து வழங்கிய புத்தாக்க விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒதுக்கீடு ஆண்டுதோறும் உயர்ந்து 2001-இல் 45 இலட்சம் டாலரை எட்டியது. அதன்பின் நகரின் நிதிநிலைக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் வந்தாலும் திட்டம் நிற்கவில்லை. தொடங்கிய நாள்முதல் 5,000-க்கும் மேற்பட்ட பணிகளுக்கு அது கைகொடுத்திருக்கிறது.

வியர்வைக்கு விலை போட்ட கணக்கு

இனி, இத்திட்டம் இயங்கிய விதத்தைப் பார்ப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்களும் பொருளாளர்களும் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, தனியொருவர் விண்ணப்பிக்க இயலாது. அண்டை அயலார் குழுவாகச் சேர்ந்துதான் வரவேண்டும். பதிவு பெற்ற பழைய சங்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பணிக்காகவே கூடிய குழுவாகவும் இருக்கலாம். ஆனால் அக்குழுவின் கதவு அவ்வட்டாரத்தார் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, என்ன செய்வது என்பதை நகராட்சி முடிவு செய்யாது. குழுவே முடிவு செய்யும். விளையாட்டுத் திடல், சுவரோவியம், சிறு பூங்கா, ஓடையைத் தூய்மைப்படுத்தல், முதியோரின் நினைவுகளைத் தொகுத்து வட்டார வரலாறு எழுதுதல் எனப் பலவகைப் பணிகள் வந்தன.

மூன்றாவது, விண்ணப்பங்களை மதிப்பிடும் பணியில் பல வட்டாரங்களைச் சேர்ந்த குடிமக்களே அமர்ந்தனர். தன் வட்டாரத்துக்காகக் கேட்க வந்தவர், பிற வட்டாரங்களின் தேவையையும் படித்துப் பார்க்க நேர்ந்தது. இதனால் விளைந்த நன்மையை ஆசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். பிறர் எழுதிய கட்டுரையைத் திருத்தும் மாணவன் தன் கட்டுரையையும் திருந்த எழுதக் கற்றுக்கொள்கிறான் அல்லவா?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. மக்களின் பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மரப்பலகையும் பங்கு. கட்டடக் கலைஞர் ஊதியமின்றி வரைந்து கொடுத்த வரைபடமும் பங்கு. மண்வெட்டி பிடித்துப் பள்ளம் தோண்டிய அண்டை வீட்டுக்காரரின் உழைப்பும் பங்கு. அந்த உழைப்புக்கு மணிக்கு இத்தனை டாலர் என்று நகராட்சி ஒரு மதிப்பு வைத்தது. காலத்துக்கேற்ப உயர்ந்துவந்த அம்மதிப்பு, 2010-களில் மணிக்கு 20 டாலராக இருந்தது. துறைவல்லுநர் தம் துறைசார்ந்த பணியைச் செய்து கொடுத்தால் அதற்கு வேறு மதிப்பீடு உண்டு. ஆனால் மண் அள்ளும் வேலைக்கு, அள்ளுபவர் வழக்கறிஞராக இருந்தாலும் துப்புரவாளராக இருந்தாலும் ஒரே மதிப்புத்தான்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 பெற்றோர் ஒரு சனிக்கிழமை 5 மணிநேரம் உழைக்கிறார்கள். 30-ஐ 5-ஆல் பெருக்க 150 மணிநேரம். மணிக்கு 20 டாலர் வீதம் 3,000 டாலர். அவர்களிடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் 3,000 டாலர் திரட்டிய குழுவாக அவர்கள் நகராட்சியின் முன் நிற்கிறார்கள். நகராட்சி தன் பங்காக இன்னொரு 3,000 டாலர் கொடுக்க வேண்டும்.

முன்னர்க் கூறிய பெருங்குறைக்கு இதுவே அவர்கள் கண்ட மருந்து. ஏழை வட்டாரத்தில் பணம் இல்லாதிருக்கலாம். ஆனால் கைகள் உண்டு, கைத்திறன் உண்டு. தச்சரும் கொத்தனாரும் மின்பணியாளரும் சமையல் வல்லவரும் எங்கே மிகுதியாக வாழ்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இக்கணக்கு வாய்ப்பேச்சோடு முடிந்துவிடாமல் இருக்க, வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு தாளில் பெயர் எழுதி, உழைத்த நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்டனர். நம் பள்ளி வருகைப் பதிவேட்டைப் போன்ற எளிய தாள்தான். அந்தத் தாள் நகராட்சியின் கோப்பில் பணத்துக்குச் சமமான ஆவணமாக வைக்கப்பட்டது. பளிங்குக்கல்லில் இடம்பெறாத பெயர்களுக்கு அங்கே இடம் இருந்தது.

பாலத்தடிப் பூதம்

இந்நிதியின் துணையோடு உருவானவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது ஒரு பூதம்!

ஃபிரீமாண்ட் என்னும் வட்டாரத்தில் அரோரா பாலத்தின் வடமுனைக்கு அடியில் இருண்ட இடம் ஒன்று இருந்தது. குப்பை கொட்டுவோரும் போதைப்பொருள் விற்போரும் புழங்கிய இடம். அதனை மீட்பதற்கு அவ்வட்டாரக் கலை மன்றம் 1989-இல் ஒரு சிற்பப் போட்டியை அறிவித்தது. ஸ்டீவ் பேடன்ஸ் என்பவரும் அவர்தம் நண்பர்கள் மூவரும் அளித்த வடிவம் வென்றது. பாலத்துக்கு அடியில் வாழ்ந்துகொண்டு, கடந்துசெல்லும் ஆட்டுக்கடாக்களை மிரட்டும் பூதம் ஒன்று நார்வே நாட்டு நாட்டார் கதையில் வரும். ஆங்கில மொழிப் பாடவேளைகளில் நம் மாணவர்களும் அக்கதையைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பூதத்தையே பாலத்தடியில் அமர்த்திவிட்டார்கள்.

கம்பியும் கற்காரையும் கொண்டு தன்னார்வலர்களின் துணையோடு 1990-இல் எழுப்பப்பட்ட அச்சிற்பத்தின் உயரம் 18 அடி. ஒற்றைக் கண் மின்ன, மேலே செல்லும் சாலையிலிருந்து பிடித்து இழுத்ததைப்போல ஓர் உண்மையான ஃபோக்ஸ்வேகன் மகிழுந்தை அது கையில் நசுக்கிக்கொண்டிருக்கிறது. அச்சத்தால் மக்கள் ஒதுங்கிச் சென்ற இடத்துக்கு இன்று பிள்ளைகள் ஓடிவந்து பூதத்தின் கைமீது ஏறி விளையாடுகிறார்கள். பாலத்தடித் தெருவுக்கு 2005-இல் பூதத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

எந்த அலுவலகத்திலும் ஓர் அதிகாரி தாமாக அமர்ந்து, "குற்றங்களைக் குறைக்க ஒரு பூதம் செய்வோம்" என்று கோப்பு எழுதமாட்டார். அங்கு வாழ்பவர்களுக்குத்தான் அது தோன்றும். முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இருந்ததால் அது நடந்தது.

பிள்ளைகள் தொடங்கிய தோட்டம்

ஆசிரியர்களுக்குப் பூதத்தைவிட இக்கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சியாட்டலின் வடகிழக்கில் பிக்கார்டோ என்னும் குடும்பத்தார் காய்கறிப் பண்ணை ஒன்றை நடத்தி வந்தனர். போயிங் வேலையிழப்பால் ஊர் வாடிய 1970-ஐ ஒட்டிய நாள்களில், அவ்வட்டாரத்து இளம்பெண் ஒருவர் அப்பண்ணையின் ஒரு பகுதியில் பயிரிட இசைவு பெற்றார். அருகிலிருந்த வெட்ஜ்வுட் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அங்கு காய்கறி பயிரிடக் கற்றனர். விளைந்தவை வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு உணவளிக்கும் அமைப்புக்குச் சென்றன. உதவிக்கு வந்த பெற்றோருக்கு ஓரத்தில் சிறுசிறு பாத்திகள் கொடுக்கப்பட்டன.

1973-இல் நகராட்சி அதனைத் தன் திட்டமாக ஏற்றது. பிக்கார்டோ குடும்பத்தின் முதலெழுத்தைச் சேர்த்து அதற்குப் 'பி-பேட்ச்' என்று பெயரிட்டார்கள். பிக்கார்டோவின் பாத்தி என்று நாம் பொருள்கொள்ளலாம். இணைநிதி வந்தபிறகு இத்தகைய சமூகத் தோட்டங்கள் நகரெங்கும் பெருகின. வேலி அடைப்பதும் பாத்தி கட்டுவதும் மக்களின் உழைப்பு; குழாய்க்கும் மரத்துக்கும் மண்ணுக்கும் நிதி. வேற்றுநாட்டிலிருந்து ஏதிலியராக வந்து, ஆங்கிலம் அறியாமல், பக்கத்து வீட்டாரிடம் பேசவும் தயங்கிய முதியவர்கள் தங்கள் ஊர்க் கீரையை அங்கே விதைத்தார்கள்.

அவ்வகையில் குறிப்பிடத்தக்கது பிராட்னர் தோட்டப் பூங்கா. ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம். 1990-களின் நடுவில் அந்நிலத்தை வீடு கட்ட விற்றுவிட நகராட்சியே எண்ணியது. அண்டை அயலார் எதிர்த்தனர். எதிர்ப்பு நகரளாவிய கையெழுத்து இயக்கமாக வளர்ந்தது. பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால் அதே வட்டாரத்தில் அதற்கு ஈடான நிலம் கொடுத்தாக வேண்டும் என்னும் சட்டம் 1997-இல் பிறந்தது. அதன்பின் அதே மக்கள் அதே நகராட்சியின் இணைநிதியைப் பெற்று அந்நிலத்தைப் பூங்காவாக்கினர். லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய மியென் இனத்தாரும் பிறரும் அங்குப் பக்கம் பக்கமாகப் பயிரிட்டனர்.

நகராட்சியை எதிர்த்துப் போராடியவர்களுக்கு நகராட்சியின் நிதியே கிடைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிதி பெற்றவர் வாய் மூடியிருக்க வேண்டும் என்னும் எழுதாத விதி அங்கே இல்லை. நிதி கொடுத்தவரைப் புகழ்ந்து பதாகை கட்டியே பழகிய நமக்கு இது சற்றுப் புதியது.

குறையும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறாகாது.

உழைப்பைக் கணக்கில் சேர்த்தது பெரிய கதவைத் திறந்தது உண்மை. ஆயினும் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும்; கூட்டத்துக்கு வர நேரம் வேண்டும்; வரவுசெலவுக் கணக்கு வைக்கத் தெரிய வேண்டும். படித்தவர் மிகுந்த வட்டாரம் இதில் முந்திக்கொள்ளும். இதனை உணர்ந்தே சிறு தொகைகளுக்கு எளிய விண்ணப்பமுறையை வகுத்தார்கள். வட்டாரங்களுக்குச் சென்று வழிகாட்ட அலுவலர்களை அமர்த்தினார்கள். குறை குறைந்தது. ஆனால் மறையவில்லை.

வட்டார மன்றங்களிலும் இச்சிக்கல் வளர்ந்தது. 13 மன்றங்கள் நெடுங்காலம் மக்களின் குரலாக விளங்கின. ஆனால் மாலைக் கூட்டங்களுக்குத் தவறாமல் வரக்கூடியவர் யார்? நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாடகை வீட்டில் வாழ, மன்றங்களுக்கு வந்தவர்களோ பெரும்பாலும் சொந்த வீடுள்ள, வயதில் மூத்த வெள்ளையராக இருந்தனர். இதனைக் காரணங்காட்டி 2016 ஜூலையில் மேயர் எட் மர்ரே அம்மன்றங்களோடு நகராட்சிக்கு இருந்த அதிகாரப்பூர்வத் தொடர்பை முடித்துக்கொண்டார். வேறொரு குடிமக்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. இம்முடிவு சரியா தவறா என்று அங்கே கடுமையான வாதம் நடந்தது. பல்லாண்டுக்காலம் உழைத்தவர்களின் வாயை அடைக்கிறார்கள் என்றனர் ஒரு சாரார். ஒருபோதும் பேசாதவர்களுக்கு இப்போதாவது இடம் கிடைக்கட்டும் என்றனர் மற்றொரு சாரார்.

இருதரப்பிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். முன்வரிசையில் ஆண்டுதோறும் அதே முகங்கள். அவர்கள் இல்லாவிட்டால் சங்கம் படுத்துவிடும். அவர்கள் மட்டுமே இருந்தால் சங்கம் அவர்களுடையதாகிவிடும். இரவு வேலைக்குச் செல்லும் தாய், இரண்டு வேலை பார்க்கும் தந்தை, பிள்ளையை வளர்க்கும் பாட்டி ஆகியோர் எந்த வரிசையில் அமர்கிறார்கள்? உழைப்பைக் காசாக எண்ணலாம். ஆனால் உழைப்பதற்கான நேரமும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இணைநிதி என்பது அரசின் கடமைக்கு மாற்று ஆகாது. சியாட்டலில் மக்கள் பூங்காவை அழகுபடுத்தினார்கள்; குடிநீர்க் குழாய் பதிப்பதும் குப்பை அள்ளுவதும் நகராட்சியின் கடமையாகவே இருந்தன. நம் பள்ளிகளில் கூரை ஒழுகுவதும் மின்கம்பி பழுதடைவதும் கழிவறை இடிந்து கிடப்பதும் கூட்டுப்பணியால் தீர்க்க வேண்டியவை அல்ல. அவற்றை உரியவரிடம் உரிமையோடு கேட்டுப் பெறவேண்டும். பெற்றோரின் தன்னார்வத்தைக் காட்டி, "அவர்களே செய்துகொள்வார்கள்" என்று எவரும் கைகழுவ இடங்கொடுக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

தோட்டப்புறக் காலந்தொட்டு நம் பள்ளிகளுக்குப் பெற்றோர் உழைத்து வந்திருக்கிறார்கள். கோத்தோங் ரோயோங் என்று அறிவித்தால் மண்வெட்டியோடும் துடைப்பத்தோடும் வருகிறார்கள். சமையற்கூடத்தில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டும் அம்மாக்களை நான் அறிவேன். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் மீகூனும் ஒரு குவளை தேநீரும் கொடுத்து நன்றி சொல்லி அனுப்புகிறோம். ஆண்டறிக்கையில் ஒரு வரி வரும்: "கூட்டுப்பணி சிறப்பாக நடைபெற்றது." அவ்வளவுதான். நன்கொடைப் பட்டியலோ இரண்டு பக்கம் ஓடும்.

சியாட்டல் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை எளியவை. அவற்றுக்குப் பணம் தேவையில்லை.

1. கூட்டுப்பணி நாளில் ஒரு பதிவேடு வையுங்கள். பெயர், வந்த நேரம், சென்ற நேரம், செய்த வேலை. நான்கு கட்டங்கள் போதும்.

2. ஆண்டிறுதியில் மொத்த மணிநேரத்தைக் கூட்டி, பொதுக்கூட்டத்தில் ஒரு மதிப்பை முடிவு செய்யுங்கள். மணிக்குப் பத்து வெள்ளி என்றுகூட வைக்கலாம். அத்தொகையை ஆண்டறிக்கையில் நன்கொடைக்கு அருகிலேயே அச்சிடுங்கள். பல பள்ளிகளில் அது பண நன்கொடையைத் தாண்டி நிற்கும் என்பது என் கணிப்பு.

3. நிறுவனங்களிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ உதவி கேட்டுச் செல்லும்போது அக்கணக்கைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். "எங்கள் பெற்றோர் இவ்வாண்டு இத்தனை மணிநேரம் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் பங்கு என்ன?" என்று கேட்பது, கையேந்துவதாகாது.

4. சனிக்கிழமை வர இயலாத பெற்றோருக்கு வேறு பங்கைக் கொடுங்கள். வீட்டிலிருந்தே திரைச்சீலை தைக்கலாம். நூலகப் புத்தகங்களுக்கு உறை போடலாம். இரவு வேலை முடிந்து வரும் வழியில் பொருள்களை ஏற்றிவந்து இறக்கலாம். அந்த நேரத்தையும் எழுதுங்கள்.

5. என்ன வேலை செய்வது என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள். முடிவை நாம் எடுத்துவிட்டு, உழைப்புக்கு மட்டும் அவர்களை அழைத்தால் அது கூலியில்லா வேலையாகிவிடும்.

மாணவர்களுக்கும் இது நல்ல பாடம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் அப்பதிவேட்டைக் கொடுத்து, மணிநேரத்தைக் கூட்டி வெள்ளியாக மாற்றச் சொல்லலாம். தன் தந்தையின் பெயருக்கு நேராக 35 மணிநேரம் என்று எழுதியிருப்பதைக் காணும் பிள்ளை, பெருக்கல் வாய்பாட்டைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுக்கொள்ளும். கொடுப்பவர் கூட்டத்தில் தன் வீடும் சேர்ந்திருக்கிறது என்பதை அப்பிள்ளை அறியும்.

அந்த லாரி ஓட்டுநரின் கணக்கை நான் அன்றிரவே போட்டுப் பார்த்தேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு ஐந்து மணிநேரம், மணிக்குப் பத்து வெள்ளி. 350 வெள்ளி வந்தது. கல்லில் இடம்பெற ஐந்நூறு வெள்ளி வேண்டும். ஆனால் அவர் "நாங்கதான்" என்றார், "நான்தான்" என்று சொல்லவில்லை. அவரோடு இன்னும் ஒருவர் வந்திருந்தாலே 700 வெள்ளி ஆகிவிடுகிறது.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு சுவர் இருக்கும். அதற்குச் சிமெண்டு கலந்தவர் யார் என்று இவ்வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் பதிவேட்டின் முதற்பக்கம் அதுவாக இருக்கட்டும்.